18446744073709551615 ஒரு பகா எண்ணா?

உங்கள் கேள்வியை ஒருமுறை நிதானமாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு மென்பொருளின் லாக் ஃபைலில் (அது தன் வேலைகளைக் குறித்து வைக்கும் கோப்பில்) 18446744073709551615 என்ற எண் வந்திருக்கிறது. அது என்ன எண் என்று தெரிந்துகொள்ள எக்செலில் போட்டிருக்கிறீர்கள். கடைசி ஐந்து இலக்கங்கள் பூஜ்யமாகிவிட்டன. இணையத்தில் ஒரு கால்குலேட்டரில் போட்டால் அது இரட்டைப்படை எண் என்று வந்திருக்கிறது. இது பகா எண்ணா, இல்லை என்றால் காரணிகள் என்ன, இதற்குக் கணிதத்தில் ஏதாவது சிறப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "எந்தக் கருவியை நம்புவது என்றே தெரியவில்லை." அப்படியானால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, இருபது இலக்கம் உள்ள ஓர் எண்ணைப் பற்றி எந்தக் கருவியையும் நம்பாமல் நாமே உறுதியாக ஏதாவது சொல்ல முடியுமா என்பதுதான். இந்த எண்ணைப் பொறுத்தவரை முடியும். இதன் காரணிகள் எல்லாவற்றையும், அவை ஒவ்வொன்றும் பகா எண்தான் என்பதையும்கூட, ஒரு பேனாவும் இரண்டு தாளும் இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் சரிபார்த்துவிடலாம். கல்லூரியில் எண் கோட்பாடு நடத்திய வருடங்களில், இதே எண்ணைத்தான் பல முறை கரும்பலகையில் முதல் நாளே எழுதியிருக்கிறேன்.

முதலில் அது பகா எண் இல்லை. 5-இல் முடிவதால் 5-ஆல் வகுபடும். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. இலக்கங்களைக் கூட்டினால் 87 வருகிறது, ஆகவே 3-ஆலும் வகுபடும். 87 என்பது 9-ஆல் வகுபடாது, ஆகவே இந்த எண்ணும் 9-ஆல் வகுபடாது. நம் முறையில் கமா போட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. அதாவது ஏறக்குறைய 1,84,467 கோடி கோடி.

இதை இரட்டைப்படை என்று சொன்ன கால்குலேட்டர் ஏன் தவறியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இணையக் கால்குலேட்டர்கள் எண்களை மிதவைப் புள்ளி முறையில் வைத்துக்கொள்கின்றன. அந்த முறையில் 2⁵³, அதாவது 9007199254740992 வரைக்கும்தான் எல்லா முழு எண்களும் துல்லியமாக நிற்கும். அதைத் தாண்டினால் எண்களுக்கு நடுவே இடைவெளி விழுந்துவிடும். நீங்கள் தட்டியதற்கு மிக அருகில் இருக்கும் எண் எதுவோ அது உட்கார்ந்துகொள்ளும். உங்கள் எண்ணுக்கு மிக அருகில் அப்படி இருப்பது 18446744073709551616. அது இரட்டைப்படைதான். கால்குலேட்டர் சொன்ன பதில் சரி, ஆனால் அது வேறோர் எண்ணுக்கான பதில். எக்செலோ 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். அதனால்தான் 18446744073709500000 என்று தெரிந்தது. பெரிய முழு எண்களை அப்படியே கையாளும் நிரல் மொழிகள் இருக்கின்றன. பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை.

அந்தக் கால்குலேட்டர் தெரியாமலேயே ஒரு நல்ல குறிப்பைக் கொடுத்துவிட்டது. 18446744073709551616 என்பது 2⁶⁴. இரண்டை அறுபத்து நாலு முறை பெருக்கினால் வருவது. உங்கள் எண் அதைவிட ஒன்று குறைவு. 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் 64 எண்களைக் கூட்டினாலும் இதே எண் வரும். பைனரியில், அதாவது 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் முறையில், எழுதினால் வரிசையாக 64 ஒன்றுகள், வேறெதுவும் இல்லை. இந்த உருவத்தைப் பார்த்தவுடனே அதன் காரணிகள் பாதி வெளியே வந்துவிடுகின்றன.

பள்ளியில் படித்த ஒரே ஒரு சூத்திரம் போதும்: ஓர் எண்ணின் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால், அது அந்த எண்ணுக்கு ஒன்று குறைந்ததையும் ஒன்று கூடியதையும் பெருக்கியதற்குச் சமம். 10-இன் வர்க்கம் 100, ஒன்று குறைத்தால் 99, அது 9 × 11. இப்போது 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். ஆகவே நம் எண் (2³² − 1) × (2³² + 1). முதல் அடைப்புக்குள் இருப்பதும் அதே உருவம்தான், அதையும் உடைக்கலாம். இப்படியே ஆறு முறை உடைத்தால் கடைசியில் கிடைப்பது 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. திருப்பிப் பெருக்கிப் பார்ப்பதும் சுகமான வேலை: 3 × 5 = 15, 15 × 17 = 255, 255 × 257 = 65535, 65535 × 65537 = 4294967295. ஒவ்வொரு பெருக்கலிலும் அடுத்துப் பெருக்க வேண்டிய எண், கையில் இருக்கும் விடையைவிட இரண்டு கூடுதலாக வந்து நிற்கும். கடைசியாக 4294967297-ஆல் பெருக்கினால் நம் இருபது இலக்க எண்.

வகுப்பில் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ஆறு எண்களையும் சுட்டிக்காட்டி "இவையெல்லாம் பகா எண்களா?" என்று கேட்பேன். 3, 5, 17, 257 சட்டென்று தெரிந்துவிடும். 65537-க்கு யாராவது கணக்குப் போடுவார்கள், அதுவும் பகா எண் என்று வரும். அப்புறம் ஆறாவதைப் பற்றிக் கேட்டால், "அதுவும்தான் சார்" என்று வகுப்பே சொல்லும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிரெஞ்சுக் கணிதவியலர் பியர் த ஃபெர்மாவும் 1640-இல் கடிதங்களில் அப்படித்தான் எழுதினார். 2 + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1 என்று அடுக்கு இரட்டித்துக்கொண்டே போகும் இந்த வரிசையில் எவ்வளவு தூரம் போனாலும் பகா எண்களே வரும் என்று அவர் நம்பினார். அதே சமயம் தன்னிடம் நிரூபணம் இல்லை என்றும் நேர்மையாகச் சொன்னார். அதனால்தான் இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். ஏறக்குறைய 90 ஆண்டுகள் அந்தக் கருத்து அப்படியே கிடந்தது. 1729-இல் கணிதவியலர் கோல்ட்பாக் ஒரு கடிதத்தில் இதை இன்னொரு கணிதவியலரான ஆய்லருக்கு நினைவூட்ட, 1732-இல் ஆய்லர் ஆறாவது எண்ணை உடைத்துக் காட்டினார்: 4294967297 = 641 × 6700417.

641 எங்கிருந்து வந்தது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆய்லர் 3, 7, 11 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்திருக்கத் தேவையில்லை. 2³² + 1-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் ஏதோ ஒரு மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்க முடியும் என்று அவர் கண்டுகொண்டார். அப்படிப்பட்டவை 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641... இவற்றில் பகா எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே எண் உடைந்துவிடுகிறது. பிறகு 19-ஆம் நூற்றாண்டில் எதுவார் லூக்கா இந்தச் சல்லடையை இன்னும் நெருக்கமாக்கினார்: 64-இன் மடங்கு போதாது, 128-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 641 வரைக்கும் இருக்கும் பகா எண்கள் இரண்டே இரண்டு: 257, 641. அதிலும் 257 என்பது தானே ஒரு ஃபெர்மா எண்; இரண்டு வெவ்வேறு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணியே இருக்காது என்று கோல்ட்பாக் 1730-இலேயே காட்டிவிட்டார். ஆகவே வகுத்துப் பார்க்க வேண்டிய முதல் எண்ணே 641.

641 உண்மையிலேயே வகுக்கிறதா என்பதை நீண்ட வகுத்தல் இல்லாமலே பார்க்கலாம். 641 = 640 + 1, அதாவது 5 × 2⁷ + 1. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பது −1-க்குச் சமமாக நடந்துகொள்ளும். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது +1. இன்னொரு பக்கம் 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போட்டுக்கொள்ளலாம். போட்டால் −2³² என்பது +1 ஆகிறது. அதாவது 2³² + 1 வகுத்தால் மீதி பூஜ்யம். அவ்வளவுதான். ஒரு அஞ்சல் அட்டையில் எழுதிவிடக்கூடிய நிரூபணம். 641-ஐ இரண்டு விதமாகக் கூட்டலாகப் பார்க்க முடிகிறது என்ற ஒரே விஷயத்தின் மேல் முழுக் கட்டடமும் நிற்கிறது.

இப்போது மிச்சம் இருப்பது, பெரிய காரணிகள் பகா எண்கள்தானா என்பது. இங்கேயும் அதே சல்லடை உதவுகிறது. 6700417-க்கு ஏதாவது காரணி இருந்தால், அது 2³² + 1-க்கும் காரணி. ஆகவே 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய உருவத்தில்தான் இருக்க வேண்டும். மிகச்சிறிய காரணி 6700417-இன் வர்க்கமூலத்தைத் தாண்டாது, அது 2588 சொச்சம். அந்த எல்லைக்குள் அந்த உருவத்தில் இருக்கும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257-ஐ மேலே சொன்ன காரணத்தால் தள்ளிவிடலாம். 641-ஆல் வகுத்தால் மீதி 44. 769-ஆல் வகுத்தால் 120. 1153-ஆல் வகுத்தால் 334. 1409-ஆல் வகுத்தால் 622. எதிலும் மீதி பூஜ்யமாகவில்லை. ஆகவே 6700417 பகா எண். ஏழு இலக்க எண்ணுக்கு நாலே நாலு வகுத்தல்! 65537-க்கு இன்னும் எளிது. அதன் காரணிகள் 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டியவை. வர்க்கமூலம் 256-ஐ ஒட்டி இருக்கிறது. அதற்குள் அகப்படும் பகா எண் 193 ஒன்றுதான். 193-ஆல் வகுத்தால் மீதி 110. முடிந்தது.

ஆக, உங்கள் எண்ணின் முழுக் காரணிப்படுத்தல் இது: 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஏழும் வெவ்வேறாக இருப்பதால் மொத்தம் 2⁷ = 128 வகுத்திகள். தன்னைத் தவிர்த்த மற்ற 127 வகுத்திகளையும் கூட்டினால் இந்த எண்ணில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் தேறும். 6, 28 போல வகுத்திகளின் கூட்டுத்தொகையே தானாக நிற்கும் எண் இது அல்ல. ஃபெர்மா நினைத்தது சரியாக இருந்திருந்தால் பகாக் காரணிகள் ஆறோடு நின்றிருக்கும், வகுத்திகளும் 64-ஆக இருந்திருக்கும். இந்த எண்ணுக்குச் சிறப்பு உண்டா என்று கேட்டீர்கள் அல்லவா? 15, 255, 65535, 4294967295 என்று ஒழுங்காக நடந்து வந்த ஒரு குடும்பத்தில், ஒழுங்கு முதன்முதலாக உடைந்த பிள்ளை இதுதான். என் மதிப்பீட்டில் இதன் மிகப் பெரிய சிறப்பு அது.

அந்த உடைப்பு வேறொரு இடத்திலும் தெரிகிறது. பாஸ்கல் முக்கோணம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள்: ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் அதற்கு மேலே இருக்கும் இரண்டு எண்களின் கூட்டல். பாஸ்கலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, 10-ஆம் நூற்றாண்டில் ஹலாயுதர், பிங்கலரின் யாப்பு நூலுக்கு உரை எழுதும்போது இதை மேரு பிரஸ்தாரம் என்ற பெயரில் விளக்கியிருக்கிறார். அந்த முக்கோணத்தில் ஒற்றைப்படை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டைப்படை இருக்கும் இடத்தில் 0 என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் பைனரி எண்ணாகப் படியுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று வரும். எல்லாமே நம் ஃபெர்மா எண்களை விதவிதமாகச் சேர்த்துப் பெருக்கியவை. அறுபத்து நாலாவது வரியில் 64 இடங்களும் ஒற்றைப்படை. அந்த வரிதான் 18446744073709551615.

இதில் முதல் 32 வரிகளுக்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது. 1796-இல், 19 வயது நிறைவதற்கு முன்பே, காஸ் என்ற இளைஞர் அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்துப் பதினேழு பக்கச் சீர் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருக்கும்போது மட்டுமே அப்படி வரைய முடியும் என்பது 1837-இல் வான்ட்செல் எழுதிய நிரூபணத்தோடு முழுமையானது. நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்துதான். ஆகவே அப்படி வரையக்கூடியதாக நமக்குத் தெரிந்த ஒற்றைப்படை எண்ணிக்கைகள் 31. அவற்றில் மிகப் பெரியது 4294967295. முக்கோணத்தின் முதல் 32 வரிகளில் முதல் வரியான 1-ஐ விட்டுவிட்டால் மீதி 31-உம் வரிசை மாறாமல் அவையேதான். முப்பத்து மூன்றாவது வரி 4294967297. அங்கே 641 குறுக்கே வந்து நிற்கிறது. அந்த எண்ணிக்கையில் பக்கங்கள் கொண்ட சீர் பலகோணத்தை வரைய முடியாது. கவராயமும், யாப்பு இலக்கணத்திலிருந்து வந்த முக்கோணமும், உங்கள் லாக் ஃபைலில் வந்த எண்ணும் ஒரே இடத்தில் வந்து சேர்வதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை.

இன்னொரு பண்பு, சின்னதுதான். இந்த எண்ணை மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. எந்த வர்க்கத்தை 8-ஆல் வகுத்தாலும் மீதி 0, 1, 4 இவற்றில் ஒன்றுதான். இந்த மூன்றில் எந்த மூன்றைக் கூட்டினாலும் 7 மீதி வராது, போட்டுப் பாருங்கள். 2⁶⁴ என்பது 8-ஆல் முழுதாக வகுபடுவதால், அதைவிட ஒன்று குறைந்த நம் எண்ணின் மீதி 7. ஆகவே மூன்று போதாது, நான்கு வேண்டும். நான்கு எப்போதும் போதும் என்று லாக்ராஞ்ச் 1770-இல் நிரூபித்துவிட்டார்.

அடுத்து, கதைகள். சதுரங்கப் பலகைக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு, அறுபத்து நாலு கட்டமும் நிரம்பினால் தானியங்களின் எண்ணிக்கை உங்கள் எண்தான். 13-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் என்ற வரலாற்றாசிரியர் இந்தக் கதையை எழுதி வைத்திருக்கிறார். கேரளத்தில் அம்பலப்புழைக் கோயிலில் பால் பாயசம் வழங்குவதற்குக் காரணமாகச் சொல்லப்படும் கதையும் இதே கணக்குதான். அங்கே முனிவர் வேடத்தில் வந்து அரசனோடு ஆடி ஜெயிப்பவர் கிருஷ்ணர். இவையெல்லாம் நடந்தவை என்று எடுத்துக்கொள்ள ஆதாரம் கிடையாது. கணக்கு மட்டும்தான் உறுதி. எவ்வளவு அரிசி என்று பலரும் ஒரு அளவு சொல்வார்கள். அதை மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அரிசி மணியின் எடை ரகத்துக்கு ரகம் மாறும்; சீரகச் சம்பாவும் குண்டு அரிசியும் ஒன்றாகாது. ஆயிரம் மணிக்கு 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 36,900 கோடி டன் வருகிறது. இன்றைக்கு உலகம் முழுவதும் ஓராண்டில் கிடைக்கும் அரிசி 50 கோடி டன்னைச் சற்றுத் தாண்டும். அப்படியானால் சுமார் 700 ஆண்டு விளைச்சல்.

காசிக் கோயிலில் 64 தங்கத் தட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்கு மாற்றுகிறார்கள், மாற்றி முடித்ததும் உலகம் முடியும் என்ற கதையையும் இந்த எண்ணோடு சேர்த்துச் சொல்வார்கள். தேவைப்படும் நகர்த்தல்கள் 2⁶⁴ − 1 என்பது சரி. நொடிக்கு ஒன்று என்று இடைவிடாமல் நகர்த்தினால் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பேரண்டத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். ஆனால் அந்தக் கதை காசியில் பிறந்தது அல்ல. ஹனோய் கோபுரம் என்ற பெயரில் அந்தப் புதிரை 1883-இல் பிரான்சில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதோடு சேர்ந்து பரவிய கதை அது. புதிரை உருவாக்கியவர் வேறு யாரும் இல்லை, மேலே 128-இன் சல்லடையைக் கொடுத்த அதே லூக்காதான்.

சரி, உங்கள் லாக் ஃபைலுக்கு வருவோம். 64 பிட் இடத்தில் (0 அல்லது 1 வைக்கும் ஓர் இடம்தான் ஒரு பிட்) வைக்கக்கூடிய மிகப் பெரிய குறியில்லா, அதாவது கழித்தல் குறி வராத, முழு எண் இதுதான்: எல்லாப் பிட்டும் 1. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 00000-இலிருந்து ஒன்று பின்னால் சுற்றினால் 99999 காட்டும். அதேபோலக் கணினிக்குள் பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் 64 பிட்டும் 1 ஆகிவிடும். கணினி −1-ஐ எழுதி வைப்பதும் இதே உருவத்தில்தான். அதைக் குறியில்லாத எண்ணாகப் படித்தால் 18446744073709551615 என்று அச்சாகும். பல நிரல்களில் "கிடைக்கவில்லை", "வரம்பு இல்லை" என்பதைக் குறிக்க −1 பயன்படுத்துவார்கள். ஆகவே உங்களுக்கு வந்தது பெரும்பாலும் ஒரு −1-ஆக இருக்கும். நான் கணிதக்காரன், அந்த மென்பொருளைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது முறையாகாது. அதை எழுதியவர்களிடம் "இந்த இடத்தில் −1 வர வாய்ப்பு உண்டா?" என்று கேளுங்கள்.

இந்த எண் கைக்கு இவ்வளவு எளிதாக அகப்பட்டதை வைத்து, இருபது இலக்க எண்கள் எல்லாமே இப்படித்தான் என்று எண்ணிவிட வேண்டாம். சுற்றிலும் பாருங்கள். இதற்குக் கீழே மிக அருகில் இருக்கும் பகா எண் 18446744073709551557. மேலே மிக அருகில் இருப்பது 18446744073709551629. இரண்டுக்கும் நடுவே 72. இந்த அளவுள்ள எண்களில் பகா எண்களுக்கு இடையே சராசரியாக 44 இடைவெளி இருக்கும். ஆகவே இது கொஞ்சம் அகலமான இடைவெளிதான், அதிசயமான இடைவெளி அல்ல. 2⁶⁴ வரைக்கும் மொத்தம் 425656284035217743 பகா எண்கள் இருக்கின்றன. இந்த எண்ணிக்கையையோ அந்த இரண்டு அண்டை வீட்டாரையோ சரிபார்க்க வேண்டுமென்றால் கணினி வேண்டும். 641-ஐப் பிடித்ததுபோலத் தாளில் பிடிக்க முடியாது.

அதிலும் உங்கள் எண்ணுக்கு இரண்டு கூட்டினால் வரும் 18446744073709551617-ஐப் பாருங்கள். அது 2⁶⁴ + 1, ஃபெர்மா வரிசையில் ஏழாவது. உங்கள் எண்ணை உடைத்த வர்க்கச் சூத்திரம் இங்கே உதவாது, ஏனென்றால் கழித்தல் குறி இருந்த இடத்தில் கூட்டல் குறி. காரணிகள் 256-இன் மடங்கோடு ஒன்று கூட்டியவை என்று சல்லடை சொல்கிறது. ஆனால் முதல் காரணி 274177. அது 256-இன் 1071-ஆவது மடங்கில் இருக்கிறது. ஆய்லர் ஆறாவதை உடைத்த பிறகு ஏழாவது உடைய 120 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று: 1855-இல் தாமஸ் கிளாசன் காஸுக்கு எழுதிய கடிதத்தில் 274177 × 67280421310721 என்று குறிப்பிட்டார், அது வெளியில் பரவவில்லை. 1880-இல் ஃபோர்த்யூனே லான்ட்ரி என்பவர் கிளாசனைப் பற்றித் தெரியாமலேயே அதே விடையைக் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 82.

ஃபெர்மா எண்களில் 65537-க்குப் பிறகு ஒரு பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை. 2³² + 1-இல் தொடங்கி அடுத்தடுத்து 28 ஃபெர்மா எண்கள் பகு எண்கள் என்று உறுதியாகத் தெரியும். அவற்றில் இரண்டுக்கு, பகு எண் என்று நிரூபித்த பிறகும், இன்றுவரை ஒரு காரணிகூடக் கிடைக்கவில்லை. அடுத்தது சுமார் 258 கோடி இலக்கங்கள் கொண்டது. அது பகா எண்ணா, பகு எண்ணா என்று இன்னும் யாராலும் சொல்ல முடியவில்லை.